எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தொட்டி

சுங்கை லாலாங் தோட்டம்
3-5-1943

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி கார்த்திகேசு எழுதிக்கொண்டது.

போன மாதம் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கை வலி தேவலையா? தோட்டத்து ஆபீசில் 2603 என்று ஜப்பான் வருஷம் போடச் சொல்கிறார்கள். உனக்கு எழுதும்போதாவது நம் வருஷத்தைப் போட்டுக்கொள்கிறேன்.

அக்கா, கோபப்படாமல் கடைசிவரை வாசி. வருகிற 23ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அத்தானை என்னோடும் அப்பளசாமி அண்ணனோடும் ரயிலில் சுற்ற அனுப்பு. ஒரே ஒரு நாள்தான். ஜப்பான் சண்டை வந்ததிலிருந்து நாங்கள் மூவரும் சேர்ந்து ரயில் ஏறவே இல்லை. முன்பெல்லாம் மாதம் ஒரு ஞாயிறு ஒரு காரியமும் இல்லாமல் ரயிலேறி, எஞ்சின் நம்பர்களை நோட்டில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் முகமெல்லாம் கரியோடு திரும்புவோம். நீ வாசலிலேயே நிறுத்தி, "வேலவெட்டி இல்லாத மூணு பைத்தியங்க" என்று திட்டுவாய். அந்தத் திட்டைக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

இப்போது ஒரு காரணம் இருக்கிறது. சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கிற அப்பளசாமி அண்ணன் ஜப்பானிலிருந்து வந்த புது எஞ்சின் ஒன்றைப் பார்த்தாராம். முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், அடுத்து ஆறு பெரிய சக்கரம், கீச்சென்று ஒரு விசில். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணனே மூன்று பேருக்கும் பாஸ் வாங்கிவிட்டார். அத்தான் காலை ரயிலில் சுங்கை பட்டாணிக்கு வந்தால் போதும். எல்லோரும் புக்கிட் மெர்தாஜாம் வரை போய்த் திரும்புவோம்.

மறக்காமல் சுண்ணக்கட்டி கொண்டுவரச் சொல். சரக்குப் பெட்டிகளில் குறி போட வேண்டும். அத்தானுக்குத் தராசு, எனக்கு ரப்பர் இலை, அண்ணனுக்குக் கொடி. குறிக்குக் கீழே ஊரும் தேதியும் எழுதுவோம். அத்தான் தராசு போட்ட பெட்டி சிங்கப்பூர் வரை போய் நாற்பத்தொன்றாம் நாள் திரும்பி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கார்த்திகேசு

மெர்கோங், அலோர் ஸ்டார்
10-5-1943

தம்பி கார்த்திகேசுவுக்கு அக்கா சண்முகவள்ளி எழுதுவது.

காய்ச்சல் விட்டது என்று எழுதியிருக்கிறாய், சாப்பாடு இறங்குகிறதா என்று எழுதவில்லை. இங்கே நாங்கள் நலம்தான். முழங்கை வலி அப்படியேதான் இருக்கிறது, மரவள்ளியைத் துருவித் துருவி வந்த வலி உட்கார்ந்தால்தானே போகும்.

உன் கடிதத்தை அவர் என்னிடம் கொடுக்கும் முன்பே நான்கு முறை படித்துவிட்டார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. கடையில் அரிசியும் இல்லை, சீனியும் இல்லை. வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்வதுதான் இப்போது வியாபாரம். அவர் தராசின் இரண்டு தட்டையும் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, கடைக்குள்ளேயே முன்னும் பின்னும் நடக்கிறார். ரயில் விசில் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறார். "என்னங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று கேட்டேன். சிரிக்கிறார்.

போகட்டும். அவர் சிரித்தே பல நாள் ஆயிற்று. ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். காலம் முன்பு மாதிரி இல்லை. தோட்டத்து ஆட்களை சயாமில் ரயில் பாதை போட என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கோலா கெடாவிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கூடச் சொல்கிறாள். பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டில் இருக்க வேண்டும். அவரை உன் பொறுப்பில்தான் அனுப்புகிறேன்.

உன் நலம் நாடும் அக்கா,
சண்முகவள்ளி

மெர்கோங்
25-5-1943

கார்த்திகேசு,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவர் செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் வரவில்லை. உன்னோடு தங்கிவிட்டாரா? அப்படித் தங்கியிருந்தால் இரண்டு பேருக்கும் இருக்கிறது. அப்படித்தான் என்று உடனே ஒரு வரி எழுது. கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா

சுங்கை லாலாங்
28-5-1943

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை, நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் இங்கே இல்லை. அவர் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நடந்ததை எழுதுகிறேன். காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அத்தான் புது வேட்டியும் சட்டைப்பையில் சுண்ணக்கட்டியுமாக இறங்கினார். நீ கொடுத்த மரவள்ளிப் புட்டை மூவரும் ரயிலில் சாப்பிட்டோம். எஞ்சினுக்கு ரப்பர் விறகுதான் போடுகிறார்கள். புகை வெள்ளையாக வருகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது. அத்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏறுடா ஏறுடா" என்று எஞ்சினைத் தட்டிக்கொடுப்பவர் மாதிரி சொன்னார். எதிர் இருக்கையில் இருந்த சீனக் கிழவர்கூடச் சிரித்தார். புக்கிட் மெர்தாஜாமில் ஆறு நம்பர் எழுதினோம், பதினோரு பெட்டிகளில் குறி போட்டோம். அக்கா, சண்டையே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் சுங்கை பட்டாணிக்குத் திரும்பினால், அலோர் ஸ்டார் போகிற ரயில் ரத்து என்றார்கள். அப்போதுதான் தெற்கேயிருந்து ஒரு ஸ்பெஷல் வந்து நின்றது. முன்னால் நாங்கள் பார்க்க ஆசைப்பட்ட அதே புது எஞ்சின். அதற்குப் பின்னால் ஒரு தொட்டி வண்டி, பிறகு ஜப்பான்காரர்கள் இருந்த ஒரு பெட்டி, அப்புறம் சரக்குப் பெட்டிகள். சரக்குப் பெட்டிகளில் தோட்டத்து ஆட்கள் சயாமுக்குப் போகிறார்கள். வடக்கேதான் போகிறது, பாஸ் இருக்கிறது என்று அத்தான் அதில் ஏறிவிட்டார். அவருக்கு அந்த எஞ்சின்மேல் எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும்.

அலோர் ஸ்டாரில் இறங்கியிருப்பார். ஸ்டேஷனில் விசாரி. நானும் அண்ணனும் இங்கே விசாரிக்கிறோம்.

தம்பி

மெர்கோங்
14-6-1943

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மனம் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஸ்டேஷனுக்கு எட்டு முறை போய்விட்டேன். அந்த ஸ்பெஷல் இங்கே நிற்கவே இல்லை. நடைமேடையில் கருவாடு விற்கும் ராக்காயி பார்த்திருக்கிறாள். "ஒருத்தர் பெட்டி வாசல்ல நின்னுக்கிட்டுக் கையக் காட்டிக் காட்டிக் கத்துனாரு. வண்டி நிக்காமப் போயிருச்சு" என்றாள். வெள்ளை வேட்டி என்றாள். வேறு என்ன அடையாளம் வேண்டும்?

இரவும் பகலும் ஒரே யோசனை. மீன் வாங்கப் போனால்கூட மூன்று கடை பார்த்துத்தான் வாங்குவார் அவர். நிற்குமா நிற்காதா என்று தெரியாத வண்டியில் அவர் எப்படி ஏறினார்? யார் அவருக்கு அவ்வளவு தைரியம் கொடுத்தது? நீ அதை மட்டும் எழுதவில்லை.

அன்றைக்கு நீங்கள் எழுதிய நோட்டை அனுப்பு. ரயிலைப் பற்றி எந்தச் சின்ன விஷயத்தையும் விடாமல் எழுதுவீர்களே. அதில் ஏதாவது இருக்கும்.

சண்முகவள்ளி

சுங்கை லாலாங்
19-7-1943

அன்புள்ள அக்கா,

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். எனக்குச் சாப்பாடு கிடைக்கிறது, பசிதான் இல்லை.

நல்ல செய்தி முதலில். வடக்கேயிருந்து திரும்பிய காலிப் பெட்டி ஒன்றில் அப்பளசாமி அண்ணன் அத்தானுடைய தராசுக் குறியைக் கண்டார். கதவுக்குக் கீழே, இரும்புப் பட்டைக்கு அடியில், மழை படாத இடத்தில். "பாடாங் பெசார் 24-5" என்று இருந்தது, சயாம் எல்லை ஸ்டேஷன். நான் சைக்கிளில் ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தான் கையெழுத்துத்தான். அதைத் தொட்டுக்கொண்டே நின்றேன். அண்ணன் வந்து என் கையைப் பிடித்து விலக்கினார், அழிந்துவிடும் என்று.

மற்ற செய்தி. அந்த ஸ்பெஷலில் போன கார்டு சொன்னாராம், வழியில் ஓர் ஆள் பெட்டியிலிருந்து குதித்து ஓடிவிட்டான். பாடாங் பெசாரில் எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைந்தது. அத்தானைப் பிடித்து எண்ணிக்கையைச் சரிசெய்துகொண்டார்கள். பாஸைக் காட்டினாராம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்களாம்.

இங்கே யார் யாரையோ போய்ப் பார்த்துவிட்டேன். தோட்டத்தை இப்போது பார்த்துக்கொள்கிற ஜப்பான்காரரிடம் கும்பிட்டு நின்றேன். மூன்று மாதத்தில் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தம்பி

மெர்கோங்
30-8-1943

தம்பிக்கு,

எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. நடந்து நடந்து கால் இரும்பாகிவிட்டது.

கடையைக் காலையில் மட்டும் திறக்கிறேன். மதியத்துக்கு மேல் மரவள்ளி வடை சுட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறேன். விற்கிற சாக்கில் வடக்கேயிருந்து வருகிற ஒவ்வொரு பெட்டியின் பட்டைக்கு அடியிலும் குனிந்து பார்க்கிறேன். "என்னக்கா, காசத் தொலைச்சிட்டியா?" என்கிறாள் ராக்காயி. உங்களை மூன்று பைத்தியங்கள் என்றேனே, இப்போது நான் நாலாவது.

போன வியாழக்கிழமை கண்டேன். தராசு. "பான்போங் 2-6" என்று இருந்தது. சயாமில் அப்படி ஓர் ஊர் இருக்கிறதாம். அவர் போடுகிற தராசில் சரக்குத் தட்டு எப்போதும் தாழ்ந்திருக்கும், வாங்குகிறவர் பக்கம் கனமாக இருக்கட்டும் என்பார். இதிலும் தாழ்ந்துதான் இருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு சிப்பாய் வந்து துரத்தினான்.

மூன்று மாதம் என்று சொன்னது, அவர் போன நாளிலிருந்து எண்ணினால் முடிந்துவிட்டது. நோட்டை ஏன் இன்னும் அனுப்பவில்லை? இது இரண்டாவது முறை கேட்கிறேன். நீ ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவன், ஒரு நோட்டைக் கட்டி அனுப்பத் தெரியாதா?

சண்முகவள்ளி

சுங்கை லாலாங்
2-11-1943

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டை இதோடு அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தைப் பார். என் கையெழுத்துத்தான்.

அத்தான் ஏற மாட்டேன் என்றுதான் சொன்னார். "வேணாம் மாப்ளே. நாளைக்குக் காலையில ரயில் வந்தா போறேன்லா. இன்னிக்கு ஒங்கூடத் தங்கிக்கிறேன். ஒங்கக்கா திட்டுனா திட்டட்டும்" என்றார். நான் விடவில்லை. "அத்தான், அலோர் ஸ்டார்ல தண்ணி பிடிக்காம எந்த எஞ்சின் பாடாங் பெசார் போயிருக்கு? கட்டாயம் நிக்கும். இந்த எஞ்சின் பின்னால போற வாய்ப்பு இனிமே வருமா? எப்படி ஓடுதுன்னு பாத்து எழுதுங்க, நிக்கலன்னா என் மீசைய எடுத்துடுறேன்" என்றேன். அண்ணன் அப்போது அங்கே இல்லை, பாயிண்ட் மாற்றப் போயிருந்தார். நான்தான் சிப்பாயிடம் பாஸைக் காட்டிக் கேட்டேன். நான்தான் அத்தானுடைய பையைத் தூக்கிப் பெட்டியில் வைத்தேன்.

எத்தனை வருஷமாக இந்தப் பாதையைப் பார்க்கிறேன். எந்த எஞ்சினுக்கு எங்கே தாகம் எடுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த எஞ்சினுக்குப் பின்னால் தொட்டி வண்டி இருந்தது. பார்த்தேன், நோட்டிலும் எழுதினேன், "எண்ணெய்த் தொட்டி" என்று. சயாமில் ஓடுகிற லாரிகளுக்கு எண்ணெய் போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு தரம் தட்டிப் பார்க்கவில்லை. அது தண்ணீராக இருந்திருந்தால் எஞ்சின் அலோர் ஸ்டாரில் நிற்க வேண்டியதே இல்லை. என்ன இருந்தது அதில் என்று இப்போது யாரைக் கேட்பது?

உன்னிடம் அவரே ஆசைப்பட்டு ஏறினார் என்று எழுதினேன். அது பொய்.

சயாமுக்கு ஆள் எடுக்கிற மண்டோர் இருளப்பனிடம் என் பேரைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வண்டி பதினைந்தாம் தேதி. போய் அவரைத் தேடிக் கூட்டி வருகிறேன், இல்லாவிட்டால் நானும் அங்கேயே இருந்துவிடுகிறேன்.

கார்த்திகேசு

மெர்கோங்
8-11-1943

கார்த்திகேசு,

பேரை அழிக்கச் சொல். என் கைவளையை இதோடு வருகிற மீன்காரப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். இருளப்பனுக்குக் கொடு, என்ன வேண்டுமானாலும் கொடு, ஆனால் நீ ஏறக்கூடாது. ஒருவரை ஏற்றிவிட்டாய். இரண்டு பேரைத் தேடி நான் பெட்டிகளுக்கு அடியில் குனிய முடியாது.

இப்போது கெடாவையே சயாமிடம் கொடுத்துவிட்டார்கள். சயாமுக்குப் போனவரைத் தேடி நீ எங்கேயும் போக வேண்டாம், சயாமே நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

நோட்டு வந்தது. படித்தேன். இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பதில் வராது.

சண்முகவள்ளி

சுங்கை லாலாங்
6-12-1944

அக்கா,

எழுதாதே என்றாய். ஒரு வருஷம் எழுதவில்லை. உன் உடம்பு எப்படி என்று அந்த மீன்காரப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இளைத்துவிட்டாய் என்றாள்.

நான் ஏறவில்லை. பேரை அழித்தாயிற்று. பதினைந்தாம் தேதி போன வண்டியில் இந்தத் தோட்டத்திலிருந்து முப்பத்திரண்டு பேர் போனார்கள். என் இடத்தில் யார் போனார் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழியாக நடக்க முடியவில்லை. பெண்கள் வாசலில் நின்று என்னைப் பார்க்கிறார்கள்.

அப்பளசாமி அண்ணன் இன்னமும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்கிறார். நானும் ஞாயிறுதோறும் போகிறேன். போன வருஷம் ஜூலைக்குப் பிறகு இங்கே ஒரு தராசும் இல்லை. அலோர் ஸ்டாரில் நீ ஏதாவது பார்த்தாயா? ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

மீசையை எடுத்துவிட்டேன். இது உனக்குச் சொல்வதற்காக இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

தம்பி

மெர்கோங்
18-11-1945

தம்பி கார்த்திகேசுவுக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். அவரும் இருக்கிறார்.

ஆமாம். நாலு நாளைக்கு முன் வந்தார். வடக்கேயிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. நான் வழக்கம்போல் வடைத் தட்டோடு ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் பார்த்துக்கொண்டு போனேன். மேலே பார்க்கிற வழக்கமே எனக்கு விட்டுப்போய்விட்டது. "வள்ளி, கீழ என்னத்தத் தேடுற?" என்று ஒரு குரல். தட்டு கையிலிருந்து விழுந்துவிட்டது. எல்லா வடையையும் தண்டவாளத்தில் கொட்டிவிட்டேன், போகட்டும்.

உடம்பில் பாதி இல்லை. இடது காலில் புண் ஆறாமல் எலும்பு தெரிகிறது. டிரஸர் தர்மலிங்கம் தினமும் வந்து மருந்து கட்டுகிறார், காலை எடுக்க வேண்டியிருக்காது என்கிறார். பேச்சு குறைவு. ஆனால் முதல் நாள் கஞ்சி குடித்ததும் உன்னைத்தான் கேட்டார். "கார்த்திகேசுகிட்டச் சொல்லு. அந்தத் தொட்டியில இருந்தது எண்ணெய் இல்ல, தண்ணி. வழியெல்லாம் அதத்தான் எங்களுக்கும் ஊத்துனானுங்க" என்றார். நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த "எண்ணெய்" என்பதை அடித்துவிட்டு, மேலே "தண்ணீர்" என்று எழுதினார். அதை எழுதி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. பிறகு மூடி என்னிடம் கொடுத்து, எங்கேயாவது உள்ளே வை என்றார்.

நான் கேட்டேன், அந்த வண்டியில் எப்படி ஏறினீர்கள் என்று. தெரிந்துகொண்டேதான் கேட்டேன். "நானாத்தான் ஏறுனேன். கார்த்திகேசு வேணாம்னுதான் சொன்னான், நான் கேக்கல" என்றார். என் முகத்தை நேராகப் பார்த்தே சொன்னார். நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயும் வந்து அவர் காலில் விழுந்து உண்மையைக் கொட்டி உன் பாரத்தை இறக்கிக்கொள்ளாதே. அவர் உனக்காகச் சுமந்து வந்த பொய் அது. அது அவரிடமே இருக்கட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. இரண்டு வருஷமாக உன்மேல் கோபப்பட்டுத்தான் நான் எழுந்து நடமாடினேன். இப்போது அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நீ வா. பார்த்தால் தெரியும். மீசை வளர்த்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்.

ஒன்று மட்டும். ரயிலில் வராதே. விசில் கேட்டால் அவர் அந்தக் காலோடு எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறார். சாத்திவிட்டு வண்டி போய் முடிகிற வரைக்கும் கதவில் முதுகைக் கொடுத்து நிற்கிறார். நீ எதில் வந்தாய் என்று கட்டாயம் கேட்பார். லாரி கிடைத்தால் லாரியில் வா. இல்லாவிட்டால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வா, தூரம்தான், பரவாயில்லை.

சோறு வைத்திருப்பேன்.

அக்கா,
சண்முகவள்ளி